கோட்டின் உள்பக்கம்

கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சொருகி, அது சூடாவதற்குள் கைப்பேசியை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று தையல்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏழு மாதத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் பாபினுக்கு நூல் சுற்றுவாள். இப்போது பாபின் காத்திருக்கிறது. முந்தாநாள் அவள் இன்ஸ்டாவில் போட்ட வீடியோவை நேற்று சாயங்காலம் வரை இருபத்தெட்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். இப்போது நாற்பத்தோராயிரம். அவள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவதற்குள் ஒரு சின்ன ஊரே கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இத்தனைக்கும் கடைக்குள் நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

தனிச்செய்திகள் வழக்கம்போலக் குவிந்து கிடந்தன. என் கோட்டின் தோள் தூக்கலாக நிற்கிறது, சரிசெய்ய முடியுமா என்று ஒருவர். எந்தக் கிழமை விடுமுறை என்று ஒருவர். வெறும் 'ஹாய்' என்று இரண்டு ஆம்பளைகள். ஹாய்காரர்களை நாத்தனார் பார்த்துக்கொள்வாள். அவள் கொடுக்கிற பதிலுக்கு அப்புறம் அவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அதற்கும் கீழே, ஒரு பெண்ணின் சின்ன வட்டப் படத்துக்குப் பக்கத்தில் மூன்று வரி இருந்தது.

'அக்கா, அந்த உள்பாக்கெட்ல இருக்கற இங்க் கறை நான் பண்ணது. அது எங்கம்மா கோட்டு. உள்ள எதுக்கு அவ்வளவு பஞ்சு வச்சிருக்கீங்க?'

கடிதமாக இருந்தால் பிரித்துப் படித்துவிட்டு, வரவே இல்லையே என்று சாதித்துவிடலாம். இந்த இழவெடுத்த சாதனத்தில் அதற்கும் வழியில்லை. நீ படித்த நிமிஷமே, 'பார்த்தாச்சு' என்று அந்தப் பக்கம் தெரிந்துவிடும். எங்கோ தூரத்து ஊரில் ஒரு பெண் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா பார்த்துவிட்டாள், இப்போது பதில் போடுவாள் என்று காத்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. சூடாகிவிட்டது என்று அர்த்தம். தையல்காரி அதைக் கவனிக்கவில்லை.

அந்தக் கோட்டு அவள் முதுகுக்குப் பின்னால்தான் ஹாங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று நாலு மணிக்கு டீச்சர் போட்டுப் பார்க்க வருகிறார்.

டீச்சர் என்றால் இந்தத் தெருவில் ஒருவர்தான். தெருவில் பாதிப் பேருக்குக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள். தையல்காரியின் அளவு நோட்டில் டீச்சருக்கென்று ஒரு பக்கம் உண்டு. பதினாலு வருஷத்தில் அந்தப் பக்கத்தில் ஏறியது நாலே வரி. அவ்வளவு மாறாத உடம்பு. அப்புறம் இந்த ஐந்து மாதத்தில் மட்டும் மூன்று வரி. ஒவ்வொரு வரியும் முந்தின வரியைவிடக் கீழே இறங்கியிருந்தது.

தையல்காரி எதையும் கேட்கிறவள் இல்லை. இந்தத் தொழிலில் டேப்புக்கு வாய் கிடையாது. யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது மாமியாருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். எந்தப் புருஷனுக்குத் தொப்பை விழுந்தது, எந்தப் பெண் சோற்றைக் குறைத்துக்கொண்டு அழுகிறாள், எல்லாம் தெரியும். தெரிந்ததை நோட்டில் எழுதி மூடிவைப்பாள், அதோடு சரி. அவளை நம்பித் திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றி நிற்கிறார்களே, அதற்குக் காரணம் அவள் தையல் மட்டும் இல்லை.

அந்தக் கருநீலக் கோட்டை முதல் தடவை பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவை இன்னும் பிடித்தாள். மூன்றாம் தடவை வந்தபோது டீச்சர் திரையை நன்றாக இழுத்துவிட்டுச் சொன்னார்.

"பிடிக்க வேண்டாம்மா. பிடிச்சுப் பிடிச்சு கோட்டு என் அளவுக்கு வந்துடுச்சுன்னா, நான் என்ன அளவுல இருக்கேன்னு என் பொண்ணுக்குத் தெரிஞ்சு போயிடும். பிடிக்காம விட்டாலும் ஆணில மாட்டின மாதிரி தொங்குது. வெளிய பாத்தா பழைய மாதிரி இருக்கணும். உன்னால முடியுமா?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வயிற்றில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுகிறார்கள். இன்னும் இரண்டு தடவை பாக்கி. குணமாகிவிடும் என்றுதான் டாக்டரும் சொல்கிறார். மகளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் படிப்பு முடிய இரண்டே மாதம் இருந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது கடைசி வருஷப் படிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவள் அவள். அவர் போன பிறகும் திரும்பிப் போகாமல், அம்மா தனியாக இருக்கிறாளே என்று ஐந்து வருஷம் இங்கேயே ஏதோ ஒரு கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் டீச்சர் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினார்.

"சொன்னா அடுத்த ரயில்ல வந்து நிப்பா. இந்தத் தடவை விட்டுட்டு வந்தா, அவளுக்குன்னு ஒரு வாழ்க்கை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ரெண்டு மாசம் தள்ளிட்டேன்னா நானே சொல்லிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே டீச்சர் கோட்டை மாட்டிக்கொண்டு, தலைக்குக் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாராம். மணி அடித்ததும் எடுத்து, நடக்கப் போயிட்டு இப்பதான் வந்தேன் என்பாராம். முகம் வாடியிருக்கிறதே என்றால் வயசாகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். தோளுக்கு என்ன பொய் சொல்வது? தையல்காரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். டீச்சரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

நாலு நாள் அந்த ஒரு கோட்டோடு மாரடித்தாள். முதலில் முன்பு பிடித்த இரண்டு பிடிப்பையும் பிரித்தாள். லைனிங்கை முழுசாகக் கழற்றி, உள்ளே கேன்வாஸ் வைத்து, பஞ்சு விரிப்பை வெட்டி வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். தோளில் மூன்று அடுக்கு, முதுகில் இரண்டு, மேல்கையில் ஒன்று. விளிம்பு வெளியே தடிக்காமல் இருக்க ஒவ்வொரு அடுக்கின் ஓரத்தையும் விரலால் பிய்த்து மெலிதாக்கினாள். கத்தரித்தால் கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் கை ஊசி. மிஷினில் ஒரு தையல்கூட இல்லை. கடைசியாக லைனிங்கை இப்போதைய உடம்புக்கு அளவெடுத்துச் சின்னதாக்கி உள்ளே பொருத்தினாள். வெளியே பழைய டீச்சர், உள்ளே இப்போதிருக்கும் டீச்சர். உள்பாக்கெட்டில் பெரிய இங்க் கறை ஒன்று பரவியிருந்தது. அதை மாற்றிவிடட்டுமா என்று முன்னமே கேட்டிருந்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஏன் என்று தையல்காரி கேட்கவில்லை. ஜென்மத்தில் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இனி இந்த இன்ஸ்டா கதையையும் சொல்லிவிட வேண்டும்.

அது நாத்தனாரின் வேலை. தையல்காரியின் கணவருக்குத் தங்கை. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் போட்டால் படுக்கும் வரைக்கும் ஓடும். வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைத்தபோது இவளையும் குறைத்துவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், அண்ணி, உங்க கடைய உலகத்துக்குக் காட்டறேன் என்று கிளம்பினாள். முதல் இரண்டு மாதம் தைத்து முடித்த துணிகளைச் செடி பக்கத்தில், ஜன்னல் பக்கத்தில், காபி கோப்பை பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். கூடிப்போனால் இருபத்துமூன்று லைக். அதில் பத்தொன்பது சொந்தக்காரர்கள். மீதி நாலில் ஒன்று பக்கத்துக் கடை சாவிக்காரர். அவர் எதைப் போட்டாலும் லைக் போடுவார், பார்த்துவிட்டுப் போடுகிறாரா என்பது வேறு விஷயம்.

ஒருநாள் தையல்காரிக்குப் பொறுமை போய்விட்டது. "வெளிப்பக்கத்த எவளும் நல்லா காட்டுவா. இதப் புரட்டிக் காட்டு. உள்ள எப்படி முடிச்சிருக்குன்னு தெரிஞ்சாதான தையல்" என்று ஒரு பாவாடையைப் பிடுங்கி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நாத்தனார் அதை அப்படியே வீடியோ எடுத்து, அண்ணியின் குரலோடு போட்டுவிட்டாள். பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பக்கத்தின் பெயரே 'உள்பக்கம்' என்றாகிவிட்டது. வாரம் இரண்டு துணி. ஒன்றைப் புரட்டுவார்கள், தையல்காரி விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வாள், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் தங்கள் சட்டையைத் தாங்களே புரட்டிப் பார்த்துவிட்டு, ஐயோ எங்க டெய்லர் ஏமாத்திட்டானே என்று கமெண்ட் போடுவார்கள். கடைக்குக் கூட்டம் வந்தது. இருபது வருஷமாக ஒரு மனிதர் கண்ணிலும் படாத இடத்தில் ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு, யாரோ தெரியாதவர்கள் 'அந்தக் கடைசி முடிச்சு எவ்வளவு சுத்தம்' என்று எழுதியதில் உச்சி குளிர்ந்துபோய்விட்டது. அவள் அதை வெளியே சொல்லவில்லை. ஆனால் பாபின் காத்திருக்க ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

டீச்சர் கோட்டை முடித்த அன்று நாத்தனார் கடைக்கு வரவில்லை. தையல்காரி கோட்டை மேஜையில் போட்டுப் பார்த்தாள். இந்த வேலையை யாரிடம் காட்டுவது? நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாத வேலை. சாவிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "கோட்டு. நல்ல கோட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு மனசு ஆறவில்லை. லைனிங்கின் அடிப்பக்கத்தை இன்னும் மூடித் தைக்கவில்லை. உள்ளே அடுக்கடுக்காகப் பஞ்சு தெரிந்தது. இப்போது எடுத்தால்தான் உண்டு. மூடிவிட்டால் அந்த நாலு நாளும் யாருக்கும் தெரியாமல் உள்ளேயே போய்விடும்.

யோசிக்காமல் எடுத்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நன்றாகவே யோசித்தாள். கோட்டின் வெளிப்பக்கம் ஒரு விரற்கடைகூடத் தெரியக் கூடாது. நீல நிறமே தெரியக் கூடாது. பட்டன் தெரியக் கூடாது. யாருடையது, எதற்கு என்று வாய் திறக்கக் கூடாது. உள்பக்கம் மட்டும். ஒரு கோட்டின் உள்பக்கத்தை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? போடுகிறவர் ஒருத்தர், தைக்கிறவள் ஒருத்தி. தொழில் தெரியாதவர்கள் இப்படி நினைக்க மாட்டார்கள். தொழில் தெரிந்தவள் நினைத்தாள். விரலால் அடுக்கைத் தூக்கிக் காட்டி, "ஓரத்த வெட்டக் கூடாது, பிய்க்கணும்" என்று சொல்லித் தானே போட்டாள். அவள் தானாக எடுத்துத் தானாகப் போட்ட முதல் வீடியோ அதுதான்.

பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள். வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். "அண்ணி, நாப்பத்திரெண்டு ஆயிடுச்சு. நாடகக் கம்பெனி ஒண்ணு கேட்டிருக்காங்க பாத்தீங்களா? மெலிஞ்ச நடிகருக்குக் குண்டு வேஷம், இந்த மாதிரியே கோட்டு வேணுமாம். நீங்க எனக்கு மேல போயிட்டீங்க, நான் இனிமே டீ வாங்கிட்டு வர்ற வேலைதான்."

தையல்காரி கைப்பேசியை அவளிடம் நீட்டினாள். நாத்தனார் படித்தாள். அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது. இப்போது சொல்லியாக வேண்டியிருந்தது. டீச்சர் ஒருத்தியிடம் சொன்ன ரகசியம் இப்படியாக இரண்டாவது ஆளுக்கும் போனது. சொல்லி முடித்தபோது நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, திட்டாதீங்க. கீழ ஒருத்தர் கேட்டிருந்தாங்க, இவ்ளோ பஞ்சு எதுக்குன்னு. நான் கடை பேர்ல பதில் போட்டுட்டேன்."

"என்னன்னு?"

"அது பரம ரகசியம்னு. கண்ணடிக்கற பொம்மை வேற போட்டேன்."

தையல்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். திட்டத்தான் வாயெடுத்தாள், யாரைத் திட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை. வீடியோவை எடுத்துவிடலாம் என்றாள். இப்போது எடுத்தால் ஏதோ இருக்கிறது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றாள் நாத்தனார். அதுவும் சரிதான். ஆனால் தையல்காரியின் கட்டைவிரல் அந்தக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு மேலே போய் நின்றபோது, அதை நிறுத்தியது அந்த நியாயம் இல்லை. நாற்பத்திரண்டாயிரம் பேர். அவள் வாழ்க்கையில் செய்த ஆகச் சிறந்த வேலையை அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அழிக்க மனசு வரவில்லை. வரவில்லையே என்று நினைத்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"குளிருக்குன்னு போட்டுடுங்க அண்ணி. நம்ப மாட்டாங்களா என்ன? கோட்டுக்குள்ள பஞ்சு குளிருக்குத்தான வைப்பாங்க."

பொய்யிலும் ஒரு தையல் நேர்த்தி இருக்க வேண்டும். இது பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. தையல்காரி ஒவ்வோர் எழுத்தாகத் தேடி 'குளிருக்கு' என்று அடித்தாள். அனுப்பப் போகிற சமயத்தில், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து விழுந்தது.

'சின்ன வயசுல பஸ்ஸுக்கு நிக்கும்போது அம்மா என்னக் கோட்டுக்குள்ள விட்டு பட்டன் போட்டுப்பாங்க. வெளிய என் கால் மட்டும்தான் தெரியும். அந்த லைனிங்ல எந்த இடத்துல தையல் விட்டிருக்கும்னுகூட எனக்குத் தெரியும்க்கா. பொய் சொல்லாதீங்க.'

தையல்காரி அதை இரண்டு தடவை படித்தாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அடித்த 'குளிருக்கு' அனுப்பாமல் அப்படியே நின்றது. அன்று மதியம் வரை ஒரு பேன்ட்டின் கீழ் மடிப்பை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டீச்சர் வந்தார். எப்போதுமே ஐந்து நிமிஷம் முன்னால்தான் வருவார். வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். கடையில் வேறு ஆள் இல்லை. நாத்தனார் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். முதலில் சொல்லிவிட வேண்டும், போட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று தையல்காரி காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். டீச்சர் அதற்கு வழிவிடவில்லை. நேராகப் போய் ஹாங்கரிலிருந்து கோட்டை எடுத்து, "மாட்டிவிடும்மா" என்று முதுகைக் காட்டினார்.

கைகள் இரண்டும் உள்ளே போயின. தையல்காரி காலரைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தாள், முன்னால் வந்து பட்டன்களைப் போட்டாள், தோளை இரண்டு பக்கமும் தட்டிவிட்டாள். டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார், இறக்கினார். ஒரு வருஷத்துக்கு முந்தின டீச்சர் கழுத்து வரைக்கும் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"அடிப்பாவி" என்றார் மெதுவாக. "இது நானேதான். இந்த ஞாயித்துக்கிழமை உக்காந்தே பேச வேண்டியதில்ல. நின்னுகிட்டே பேசலாம்."

தையல்காரி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வீடியோ போட்டதை, பெயர் போடாததை, வெளிப்பக்கம் காட்டாததை, இங்க் கறையை, மகள் கேட்டதை, இன்னும் பதில் போடாததை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. அழுதால் டீச்சர் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்தக் கொடுமை வேறு வேண்டாம் என்று அடக்கிக்கொண்டாள்.

டீச்சர் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "காட்டு" என்றார். நாத்தனார் கைப்பேசியை நீட்டினாள். டீச்சர் வீடியோவைப் பார்த்தார். ஒருவர் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல, முகத்தில் எதுவும் காட்டாமல், கடைசி வரைக்கும் பார்த்தார். கீழே இருந்த கமெண்டுகளையும் படித்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எத்தன பேரு பாத்திருக்காங்க?"

"நாப்பத்தஞ்சாயிரம் டீச்சர்" என்றாள் நாத்தனார். இன்று மதியத்துக்கு மேல் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"நாப்பத்தஞ்சாயிரம் பேரு பாத்ததுல எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஒருத்தி பாக்காம இருந்திருக்கணும். உங்க பேஜப் பாருன்னு அவகிட்ட சொன்னதே நான்தான். நம்ம தெருக் கடை, நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு."

"நான் உங்க பேர எங்கயும்..."

"தெரியும். நீ போட மாட்டே." டீச்சர் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். "ஆனா உன்கிட்ட நான் கோட்டத் தைக்கத்தானே குடுத்தேன்."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. டீச்சர் சத்தம் போடவில்லை. வகுப்பில்கூட அவர் சத்தம் போட்டதில்லை என்று தெருவில் சொல்வார்கள். தையல்காரி டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "அழிச்சுடறேன் டீச்சர், இப்பவே அழிச்சுடறேன்" என்றாள். இப்போது அவளுக்கு அந்த நாற்பத்தைந்தாயிரத்தில் ஒருவர்கூட வேண்டியிருக்கவில்லை.

"பாத்தத அழிக்க முடியுமா? அவ என்ன கரும்பலகையா?"

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோட்டோடு உட்கார்ந்தால் அடிவயிற்றில் மடிப்பு விழுகிறதா என்று தையல்காரியின் கண் தன்னாலே போய்ப் பார்த்தது. விழவில்லை. இந்த நேரத்தில் இதையா பார்ப்பது என்று அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டீச்சரின் கைப்பைக்குள் கைப்பேசி அடித்தது. வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவையும் ஓய்ந்தது. மூன்றாம் தடவை அடித்தபோது டீச்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைப்பேசியை மிஷின்மேல் நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்து, பச்சைப் பொத்தானைத் தொட்டார். குரலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

"இப்பதான் நடந்துட்டு வந்தேன், என்னடி இந்த நேரத்துல..."

"எங்கம்மா இருக்கே?"

டீச்சர் சுற்றிப் பார்த்தார். சுவர் முழுக்க நூல்கண்டு, தலைக்குமேல் வரிசையாகப் பிறத்தியார் துணி. என்ன சொல்லி மறைப்பது?

"டெய்லர் கடைல."

மகளுக்குப் பின்னால் ஒரு கட்டிலும், அதன்மேல் விரித்த புத்தகங்களும் தெரிந்தன. கட்டில் ஓரத்தில் ஒரு பை வாய் திறந்தபடி நின்றது. அதில் துணி எதுவும் வைத்திருக்கிறதா இல்லையா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"கோட்டக் கழட்டும்மா."

"குளிருதுடி."

தையல்காரிக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் தன் கைப்பேசி நினைவு வந்தது. அனுப்பாத 'குளிருக்கு' இன்னும் அதில் அப்படியேதான் இருந்தது.

"கழட்டும்மா. நான் திட்டல. பாக்கணும், அவ்வளவுதான்."

டீச்சர் முதல் பட்டனைக் கழற்றினார். இரண்டாவதையும் கழற்றினார். மூன்றாவது வரவில்லை. மருந்து ஏற்றுவதிலிருந்து அவருக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைவு. பட்டனும் புதிதாகத் தைத்தது, விறைப்பாக இருந்தது. விரல்கள் அதைத் தேடித் தேடி நழுவின. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி முன்னால் போய்க் குனிந்து மூன்றாவதைக் கழற்றினாள், நாலாவதைக் கழற்றினாள். தன் கை அந்தத் திரையில் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. பின்பக்கம் வந்து நின்றாள்.

"எடுக்கட்டுமா டீச்சர்?"

டீச்சர் எழுந்து நின்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு தடவையும் செய்வதுபோலவே தையல்காரி காலரைப் பிடித்துப் பின்பக்கமாகக் கோட்டை இறக்கினாள். கைகள் உள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வந்தன. உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, அதற்குள் டீச்சர்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அழுகிற குரல் இல்லை, வேலை செய்கிற குரல்.

"கொஞ்சம் திரும்பி நில்லும்மா."

டீச்சர் அளவு கொடுக்கிறவரைப்போல இரண்டு கையையும் உடம்பிலிருந்து சற்றே விலக்கிக்கொண்டு, மெதுவாகத் திரும்பினார். தையல்காரி எட்டிப் போய்விட நினைத்தாள். நகர இடமில்லை. கோட்டை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. அது அவள் கைகளில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தோள் இரண்டும் நிமிர்ந்து, முதுகு நிறைந்து, உள்ளே ஆள் இருப்பதுபோலவே நின்றது.